எடை ஏறிய பிறகு வரும் ஓராண்டு

சாப்பிட மறுத்து உடல் வற்றிப்போன ஒரு பெண்ணை மருத்துவமனையில் சேர்த்து, மெல்ல மெல்ல உணவு கொடுத்து, இழந்த எடையை மீட்டுவிட முடியும். பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென அதிக உணவு போனால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்து வரும் என்பதால் அது கவனமாகச் செய்யவேண்டிய வேலை. ஆனாலும் பயிற்சி பெற்ற வார்டில் பெரும்பாலும் நடந்துவிடுகிறது. கடினமான கேள்வி வீட்டுக்கு அனுப்பும் நாளில்தான் தொடங்குகிறது: ஏறிய எடை நிற்க என்ன செய்யவேண்டும்?

நெதர்லாந்தைச் சேர்ந்த பெரென்ட்ஸ் குழுவினர் பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, சிகிச்சையால் தேறியவர்களில் ஏறக்குறைய 31 விழுக்காட்டினருக்கு அனோரெக்சியா என்ற இந்த உணவு மறுப்பு நோய் திரும்பியது. முதல் ஆண்டில்தான் ஆபத்து மிகுதி; இரண்டாம் ஆண்டு வரை அது தணியவில்லை. 2011இல் ஆர்செலஸ் குழு தொகுத்த இறப்பு விவரமும் கவலை தருவது. இந்நோய் கண்டவர்களின் இறப்பு வீதம் அதே வயதுடைய மற்றவர்களைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு; அந்த இறப்புகளில் ஐந்தில் ஒன்று தற்கொலை.

இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வைத்துப் பார்க்கிறது. திருச்சியிலோ வேலூரிலோ சென்னையிலோ பெங்களூருவிலோ சிகிச்சை முடித்த பெண், குன்னத்துக்கோ வேப்பந்தட்டைக்கோ செந்துறைக்கோ ஆண்டிமடத்துக்கோதான் திரும்பி வருகிறாள். நோய் திரும்புவதும் திரும்பாமல் போவதும் அங்கேதான் முடிவாகிறது. ஆண் பிள்ளைகளுக்கும் இது வரும். ஆனால் ஆய்வுகளில் இடம்பெற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதால் இங்கும் பெண்களையே முன்வைத்துப் பேசவேண்டியிருக்கிறது.

தேறிவிட்டாள் என்று எப்போது சொல்வது?

நோய் திரும்பும் விழுக்காடு ஆய்வுக்கு ஆய்வு மிகவும் மாறுபடுவதற்கு முதற்காரணம், எதைத் தேறுதல் என்பது என்பதிலேயே உடன்பாடு இல்லாததுதான். எடை ஓர் அளவைத் தொட்டால் போதும் என்பது பழைய நிலைப்பாடு. மாதவிலக்கு திரும்பவேண்டும் என்பதும் நெடுங்காலம் ஒரு அளவுகோலாக இருந்தது. 2013இல் வந்த அமெரிக்க நோய் வகைப்பாடு, மாதவிலக்கு நின்றிருக்கவேண்டும் என்ற நிபந்தனையைக் கைவிட்டது. மனமும் தேறவேண்டும், உணவைப் பற்றிய அச்சம் விலகவேண்டும் என்பது இப்போது வலுப்பெற்றுவரும் நிலைப்பாடு.

இதில் லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்ட்ரோபர் குழு செய்த ஆய்வு முக்கியமானது. வார்டில் சிகிச்சை பெற்ற 95 இளம்பருவத்தினரை 10 முதல் 15 ஆண்டுகள் பின்தொடர்ந்து 1997இல் முடிவை வெளியிட்டார்கள். முழுமையாகத் தேறியவர்களுக்கு நோய் திரும்புவது அரிது. ஆனால் அந்த முழுத் தேறுதலுக்கு சராசரியாக 57 முதல் 79 மாதங்கள் பிடித்தன. முழுதாகத் தேறும் முன்பே வீட்டுக்குப் போனவர்களில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினர் மறுபடி சரிந்தார்கள். இதை ஏற்றால், நோய் திரும்பியது என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி உண்மையில் முடியாத நோயின் தொடர்ச்சி. பாதியில் நின்ற சிகிச்சையை முடிந்த சிகிச்சையாக எண்ணிக்கொள்கிறோம்.

2022 முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.–11 வகைப்பாடு இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது. எடை இயல்புக்கு வந்தபின்னும் ‘தேறிவரும் அனோரெக்சியா’ என்று ஒரு தனிப்பிரிவு அதில் உண்டு. சிகிச்சை நின்றபின் ஓராண்டு போன்ற போதிய காலம் எடையும் உண்ணும் முறையும் நிலைத்த பிறகே நோய்ப் பெயரை எடுக்கலாம். குடும்பத்தாரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றுகிறது. “உடம்பு தேறிடுச்சு, இனி பயமில்லை” என்று உறவினர் சொல்லும் ஆறுதல், அந்த ஓராண்டின் காவலைத் தளர்த்திவிடக்கூடியது.

மெலிவு உறுத்தாத இடம்

ஐரோப்பிய நகரத்தில் ஒரு பெண் சட்டென்று மெலிந்தால் பள்ளியோ குடும்ப மருத்துவரோ கவனிக்கக்கூடும். இங்கே நிலைமை வேறு. 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 12.6 விழுக்காட்டினர் இயல்புக்குக் குறைந்த எடையினர், 40.4 விழுக்காட்டினர் கூடுதல் எடையினர். பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. மெலிந்த பெண் என்றால் ரத்தம் இல்லை, வளர்த்தி அப்படி, கண்ணு பட்டிருக்கு, அல்சர் என்று காரணம் சொல்ல நிறைய இருக்கிறது. சாப்பிடாத பிள்ளைக்குத் தொக்கம் எடுப்பதும் மந்திரித்துக் கயிறு கட்டுவதும் இன்றும் நடக்கிறவை. கொழுத்துவிட்டவர்களைப் பற்றிய கேலியும் அதே தெருவில்தான் இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று மருத்துவர்கள் எச்சரிப்பதும் அதே மாவட்டத்தில்தான். எடை குறைப்பைப் பாராட்டும் குரலும் மெலிவைக் கண்டு பதறும் குரலும் ஒரே வீட்டில் ஒலிக்கலாம்.

நோய் இங்கே எந்த முகத்தோடு வருகிறது என்பதும் முழுதாகத் தீராத விவாதம். தில்லியின் எய்ம்ஸ் மருத்துவமனையிலிருந்து கண்டேல்வால், சரண், சக்சேனா ஆகியோர் 1995இல் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். உணவை மறுத்தார்கள், எடை இழந்தார்கள், மாதவிலக்கு நின்றது. ஆனால் கொழுத்துவிடுவேனோ என்ற அச்சமும் உடல்தோற்றக் குழப்பமும் மேலை நூல்கள் விவரிக்கும் அளவில் இல்லை. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு ஹாங்காங்கில் சிங் லீ ஆராய்ந்த 70 நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோரும் அப்படியே. வேலூர் சி.எம்.சி.யின் குழந்தை உளநலப் பிரிவு 2007இல் வெளியிட்ட ஆய்வில், உணவு சார்ந்த கோளாறோடு வந்த பிள்ளைகளிடம் மிகுதியாகக் காணப்பட்டது மனக்காரணத்தால் வரும் வாந்தி. அனோரெக்சியா அதற்கு அடுத்துத்தான். அதே காலத்தில் நகரம் மாறிக்கொண்டிருந்ததையும் மறக்கலாகாது. 1990களில் சென்னை மருத்துவ மாணவர்களிடம் சீனிவாசன், சுரேஷ், ஜெயராம் ஆகியோர் செய்த ஆய்வு, முழு நோயாக முற்றாத உணவுத் துயரம் பலரிடம் இருப்பதைக் காட்டியது. 2012இல் வெளியான பெங்களூரு உளநல மருத்துவர்களின் கணக்கெடுப்பில் மூன்றில் இருவர் இத்தகைய நோயாளி ஒருவரையாவது பார்த்திருப்பதாகச் சொன்னார்கள்.

நோய் திரும்புவதைத் தடுப்பதற்கு இந்த விவாதம் ஏன் தேவை? முன்னெச்சரிக்கைப் பட்டியல்கள் எல்லாம் எடையைப் பற்றிய பேச்சு, கண்ணாடி, உடை அளவு ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்கச் சொல்கின்றன. “வயிறு உப்பிக்குது”, “நெஞ்சு கரிக்குது”, “தொண்டையிலேயே நிக்குது” என்று சொல்லித் தட்டை ஒதுக்கும் பெண்ணிடம் அந்த அறிகுறிகள் ஒன்றுகூடத் தெரியாமல் நோய் பாதி தூரம் திரும்பியிருக்கும். அவளை வயிற்று மருத்துவரிடம் அழைத்துப்போய் எண்டோஸ்கோப்பி எடுத்து, மாத்திரை வாங்கி, மூன்று மாதம் கடந்துவிடும்.

வீட்டிலிருந்து பிரிப்பதா, வீட்டிடம் ஒப்படைப்பதா

1873இல் லண்டனில் வில்லியம் கல்லும் பாரிஸில் சார்ல்ஸ் லாசேக்கும் தனித்தனியே இந்நோயை விவரித்தார்கள். கல், உற்றார் உறவினரே இவர்களைக் கவனிக்கத் தகுதி குறைந்தவர்கள் என்று கருதினார். பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் சார்கோ இன்னும் ஒருபடி மேலே போய், பெற்றோரிடமிருந்து பிரித்துவைப்பதையே சிகிச்சையின் அடித்தளமாக்கினார். நூறாண்டு நிலைத்த அந்தக் கருத்தின் பலவீனம் வெளிப்படையானது: பிரிந்திருக்கும்போது ஏறும் எடை, சேர்ந்த பிறகு என்ன ஆகும் என்பதற்கு அதில் பதில் இல்லை. பெற்றோர்மேல் ஒரு குற்றச்சாட்டையும் அது நிறுத்தி வைத்தது. 1978இல் மினுச்சின் முன்வைத்த குடும்பக் கோட்பாடு குடும்பத்தை அறைக்குள் அழைத்துவந்தாலும், நோயின் காரணத்தைக் குடும்பத்தின் உறவு முறையில்தான் தேடியது.

திருப்பம் 1987இல் வந்தது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் ஜெரால்ட் ரஸ்ஸல், ஸ்முக்லர், டேர், ஐஸ்லர் ஆகியோர், எடை ஏற்றி வீட்டுக்கு அனுப்பப்பட்ட 80 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் குடும்பச் சிகிச்சையும் மற்றவர்களுக்குத் தனிநபர்ச் சிகிச்சையும் ஓராண்டு அளித்தார்கள். நோய் திரும்பாமல் காப்பதையே நோக்கமாகக் கொண்ட பரிசோதனை அது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 19 வயதுக்கு முன் நோய் தொடங்கி, மூன்று ஆண்டுக்குள் இருந்தவர்களுக்குக் குடும்பச் சிகிச்சை தெளிவான பலன் தந்தது. ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்த வேறுபாடு நிலைத்திருந்தது. வயது கூடி நோய் கண்டவர்களிடம் அப்படி இல்லை. பின்னர் சிகாகோவிலும் ஸ்டான்ஃபோர்டிலும் 12 முதல் 18 வயது வரையுள்ள 121 பேரிடம் லாக் குழு நடத்திய பரிசோதனை 2010இல் வெளியானது. சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்துக் குடும்பச் சிகிச்சை பெற்றவர்களில் 49 விழுக்காட்டினரும் தனிநபர்ச் சிகிச்சை பெற்றவர்களில் 23 விழுக்காட்டினரும் முழுத் தணிவில் இருந்தார்கள். முன்பே தணிவு பெற்றவர்களில் மறுபடி சரிந்தவர்கள் முறையே 10, 40 விழுக்காடு.

இந்த முறையில் பெற்றோர் யாரும் குற்றவாளி இல்லை. நோய் குறையும்வரை என்ன, எவ்வளவு சாப்பிடவேண்டும் என்பதைப் பெற்றோர் முடிவு செய்து, கூடவே உட்கார்ந்து, தட்டு காலியாகும்வரை எழாமல் இருக்கவேண்டும். பிறகு அந்தப் பொறுப்பைச் சிறிது சிறிதாக மகளிடம் திருப்பித் தரவேண்டும்.

குடும்பம் பக்கத்திலேயே இருக்கும் நம் ஊர்களுக்கு இது இயல்பாகப் பொருந்தும் என்று எளிதில் சொல்லிவிடலாம். அருகில் பார்த்தால் சிக்கல் தெரியும். பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும். பருத்தி எடுப்புக் காலத்தில் தாய் விடியலில் கொல்லைக்குப் போனால் மாலையில்தான் திரும்புவாள். தந்தை வளைகுடா நாட்டில் இருக்கலாம். பகல் சாப்பாட்டின்போது வீட்டில் இருப்பது பாட்டி மட்டும். பேத்தி “சாப்பிட்டுட்டேன் ஆயா” என்றால் அதற்குமேல் கேட்க ஆயாவுக்குத் தோன்றாது. மாலையில் பாத்திரத்தில் சோறு குறைந்திருக்கிறதா என்று தாய் பார்க்கிறாள். குறைந்துதான் இருக்கிறது, கோழிகள் எங்கே மேய்ந்தன என்று அவள் பார்ப்பதில்லை. இங்கே குடும்பச் சிகிச்சை என்பது பாட்டியையும் அத்தையையும் அறைக்குள் அழைப்பதில்தான் தொடங்கவேண்டும். மருமகளின் பேச்சு எடுபடாத வீட்டில், மாமியாரிடம் மருத்துவரே நேரில் சொல்வது பத்து அமர்வுக்குச் சமம் என்று எண்ண இடமிருக்கிறது.

இன்னொன்று பத்தியம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவருக்கு எண்ணெய் இல்லாமல், காரம் இல்லாமல், ரசஞ்சோறும் கஞ்சியும் இட்லியும் கொடுப்பது நம் வழக்கம். அக்கறையால் வந்த வழக்கம்தான். அனோரெக்சியாவுக்கு அது நேர் எதிரானது. நியூயார்க்கில் ஷெபன்டாக் குழு செய்த ஆய்வுகள், எடை மீட்டவர்களில் யாருடைய உணவு வகை குறைந்தும் கலோரிச் செறிவு குறைந்தும் இருந்ததோ அவர்களே பின்னர் மோசமான நிலைக்குப் போனதைக் காட்டின. எடை ஒன்றாக இருந்தும் தட்டு வேறாக இருந்தது. பத்தியச் சாப்பாடு அந்தப் பெண்ணின் நோய் விரும்புவதை வீட்டாரின் கையாலேயே கொடுக்கிறது. நிலக்கடலைச் சட்னி, முட்டை, தேங்காய் போட்ட பொரியல், நல்லெண்ணெய் ஊற்றிய இட்லிப்பொடி, அரியலூர்க்காரருக்கு வீட்டுவாசலிலேயே கிடைக்கும் முந்திரி ஆகியவை தட்டுக்குத் திரும்பினவா என்பதே வீட்டார் தினமும் பார்க்கவேண்டியது.

பேச்சும் மாத்திரையும்

வயது வந்தவர்களுக்கு என்ன? 2003இல் பைக் குழு, வார்டிலிருந்து வெளியேறிய 33 பெண்களுக்கு ஓராண்டு அறிதல்–நடத்தைச் சிகிச்சையோ உணவு ஆலோசனையோ கொடுத்தது. நோய் திரும்பியது முதல் பிரிவில் 22 விழுக்காடு, இரண்டாவதில் 53 விழுக்காடு. டொரான்டோவில் கார்ட்டர் குழு 88 பேரிடம் பார்த்து 2009இல் வெளியிட்டதும் இதே திசையைத்தான் காட்டியது. முதலாவது சிறியது, இரண்டாவதில் யாருக்கு எது என்பது குலுக்கலில் முடிவாகவில்லை. நம்பிக்கை தரும் முடிவுகள், ஆனால் சாய்ந்துகொள்ளும் அளவுக்கு உறுதியானவை அல்ல.

மாத்திரையின் கதை இன்னும் பாடமானது. 2001இல் கே குழு, எடை மீட்ட 35 பேரில் ஃப்ளூஆக்ஸெடின் என்ற மனச்சோர்வு மருந்தை எடுத்தவர்களே பெருமளவில் ஓராண்டு தாக்குப்பிடித்ததாகக் கூறியது. ஐந்தாண்டு அது பரவலான நடைமுறையாகவும் இருந்தது. 2006இல் வால்ஷ் குழு நியூயார்க்கிலும் டொரான்டோவிலும் 93 பேரிடம், எல்லாருக்கும் அறிதல்–நடத்தைச் சிகிச்சையும் கொடுத்து, மருந்தை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டது. வேறுபாடு இல்லை. மருந்து எடுத்தவர்களில் 26.5 விழுக்காடும் எடுக்காதவர்களில் 31.5 விழுக்காடும் ஓராண்டு நிலைத்தார்கள். இரண்டு எண்களும் எவ்வளவு சிறியவை என்பதுதான் மனத்தில் நிற்கிறது: நல்ல சிகிச்சை கிடைத்தும் மூன்றில் இருவருக்கு மேல் தங்கவில்லை. ஓலன்சபின் எடை ஏறச் சற்று உதவுகிறது என்று 152 பேரிடம் நடந்த பரிசோதனை 2019இல் காட்டியது. அது எடை ஏற்றுவதைப் பற்றியது, ஏறியதைக் காப்பதைப் பற்றியது அல்ல. மனச்சோர்வோ பதற்றமோ கூட இருந்தால் அதற்கான மருந்து தேவைப்படலாம். மாத்திரை மட்டும் எழுதிக்கொடுத்து மூன்று மாதம் கழித்து வரச்சொல்வது போதாது.

வால்ஷ் பின்னர் வேறொரு விளக்கத்துக்குப் போனார். 2013இல் அவர் எழுதியதன் சாரம்: முதலில் பலன் கருதிச் செய்த உணவுக் குறைப்பு, நாளடைவில் பலனே இல்லாவிட்டாலும் தொடரும் பழக்கமாக இறுகுகிறது. 2015இல் அவர் குழு எடுத்த மூளைப் படங்களும் உணவைத் தேர்ந்தெடுக்கும்போது பழக்கத்தோடு தொடர்புடைய பகுதி இவர்களிடம் ஈடுபடுவதைக் காட்டின. இது சரியென்றால் அறிவுரைக்கு வேலை குறைவு. மாற்றவேண்டியவை உட்காரும் இடம், நேரம், தட்டு, கூட உண்பவர் ஆகியவை. கவர்ச்சியான விளக்கம்; இதன்மேல் கட்டிய சிகிச்சைகள் இன்னும் சிறு பரிசோதனைகளில்தான் இருக்கின்றன. பட்டினியே மனத்தை மாற்றும் என்பதை அன்செல் கீஸ் 1944–45இல் மின்னசோட்டாவில் 36 ஆரோக்கியமான ஆண்களிடம் ஏற்கெனவே காட்டியிருந்தார். எடை இழந்த காலத்தில் அவர்களுக்கும் உணவைத் தவிர வேறு நினைப்பில்லை. உணவு திரும்பக் கிடைத்தபின்னும் மனம் தேற மாதங்கள் பிடித்தன.

விரத நாட்காட்டி

மேலே சொன்ன பரிசோதனைகள் எதிலும் இல்லாத ஒரு பகுதி இது. சிகிச்சை முடித்து வந்த பெண்ணின் முதல் ஆண்டில் எத்தனை விரதங்கள் வருகின்றன என்று பார்த்தால் திகைப்பு வரும். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும் நடை திறக்கும். அந்த இரு நாளும் விரதம் இருப்போர் உண்டு. ஆடி வெள்ளி, புரட்டாசிச் சனிக்குக் கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள், கந்த சஷ்டியின் ஆறு நாள், கார்த்திகையில் மாலை போட்ட வீட்டில் எல்லாருக்கும் ஒருவேளைச் சாப்பாடு. ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா ஆலயத்தை நாடும் குடும்பங்களுக்குத் தவக்காலம். லப்பைக்குடிக்காட்டில் ரமலான்.

எல்லாவற்றிலும் பெரியது சமயபுரம். மாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை பூச்சொரிதல் தொடங்கி 28 நாள் அம்மனே பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் மட்டுமே நிவேதனம். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்திலிருந்து மஞ்சள் ஆடை கட்டி நடந்தே போகிறவர்களில் பலரும் அம்மனோடு சேர்ந்து விரதம் இருக்கிறார்கள். உலகின் நலனுக்காகத் தெய்வம் பசியை ஏற்கும் மாதத்தில், ஒரு பெண் சாப்பிடாமல் இருப்பதை யார் நோய் என்பார்கள்? புண்ணியமாகத்தான் பார்ப்பார்கள். வேண்டுதல் அவள் குணமானதற்கே என்றும் இருக்கலாம்.

இதில் இரண்டு நிலைப்பாடுகள் சாத்தியம். எந்த விரதமும் கூடாது என்பது ஒன்று. பட்டினி சிறிதானாலும் நோயின் சக்கரத்தை மறுபடி சுழற்றிவிடும் என்பதால் மருத்துவரீதியில் வலுவானது. ஆனால் மருத்துவரின் வாயிலிருந்து மட்டும் வந்தால் சாமி விஷயத்தில் தலையிடுவதாகக் குடும்பம் ஒதுங்கிக்கொள்ளலாம். நம்பிக்கையை மதித்து அளவாக அனுமதிக்கலாம் என்பது மற்றொன்று. இதன் பலவீனம், அளவை யார் பார்ப்பது என்பது. விரதத்தை அளவோடு நிறுத்த முடியாததுதானே இந்த நோய்.

முதல் நிலைப்பாடே சரி, ஆனால் அதைச் சொல்லும் வாய் மாறவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு என்பது இஸ்லாத்தில் தெளிவாக இருக்கிறது; கத்தோலிக்கத் திருச்சபையிலும் உண்டு. பிள்ளைக்காகத் தாய் விரதம் ஏற்பது நம் வேண்டுதல் மரபில் புதிதல்ல. மகளின் பச்சைப் பட்டினியை அம்மா எடுத்துக்கொண்டு, மகள் பூக்கூடை சுமக்கலாம், பானகம் கரைத்து நடந்துவருவோருக்குக் கொடுக்கலாம். பூசாரியோ பங்குத்தந்தையோ இமாமோ ஒரு சொல் சொன்னால் பாட்டியின் மனமும் ஆறும். வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருத்துவர் ஒரு தினசரி நாட்காட்டியை எதிரே வைத்து, அடுத்த 12 மாத விரத நாட்களைக் குடும்பத்தோடு வட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் மாற்று எழுதிவிட அரைமணி நேரம் போதும்.

ஒன்றரை ஆண்டை யார் பார்ப்பது

நெதர்லாந்தில் பெரென்ட்ஸ் குழு உருவாக்கிய வழிகாட்டி எளிமையானது. நோயாளி, குடும்பத்தார், மருத்துவர் மூவரும் சேர்ந்து, அந்த ஒருவருக்கே உரிய ஆரம்ப அறிகுறிகளை எழுதுகிறார்கள். நிலையான கட்டம் முதல் முழு நோய் வரை படிகளாகப் பிரித்து, எந்தப் படியில் யார் என்ன செய்வது என்று குறிக்கிறார்கள். பிறகு குறைந்தது ஒன்றரை ஆண்டு, இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டி, சந்திப்புகள். இம்முறையில் வந்த 83 பேரில் 11 விழுக்காட்டினருக்கு முழுதாகவும் 19 விழுக்காட்டினருக்குப் பகுதியாகவும் நோய் திரும்பியது. ஒப்பீட்டுப் பிரிவு இல்லாததால் இந்த நல்ல எண்கள் முறையால் வந்தவையா என்று அடித்துச் சொல்ல இயலாது. ஆனால் இதற்கு விலையுயர்ந்த எதுவும் தேவையில்லை என்பது பெரிய விஷயம்.

பெரம்பலூர், அரியலூரில் இந்தச் சந்திப்புகளை எங்கே நடத்துவது? பெரம்பலூர் நகருக்கு ரயில் இல்லை. திருச்சிக்குப் பஸ்ஸில் போய் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. மாதம் இருமுறை போகச் சொன்னால் மூன்றாவது முறை நின்றுவிடும். 1990களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டின் முதல் மாவட்ட மனநலத் திட்டம் திருச்சியில்தான் தொடங்கியது. இன்று அத்திட்டம் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளோடு இணைந்து மாவட்டங்களில் இயங்குகிறது. அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பெரம்பலூரில் தனியார் மருத்துவக் கல்லூரி உண்டு. ஆக, எடை பார்த்து, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், பொட்டாசியம் சோதித்து, குடும்பத்தோடு பேச உள்ளூரிலேயே இடம் இருக்கிறது. சிறப்பு மையம் திட்டத்தைத் தீட்ட, உள்ளூர் மருத்துவர் அதை நடத்துவதே பொருத்தமான பங்கீடு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 98ஆம் பிரிவும், வீட்டுக்கு அனுப்பும்முன் நோயாளியோடும் குடும்பத்தாரோடும் இனி பார்க்கப்போகும் மருத்துவரோடும் கலந்து திட்டமிடவேண்டும் என்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி வரியில் ‘ரிவ்யூ’ என்று எழுதி ஒரு தேதி போடுவதோடு அது முடிந்துவிடக்கூடாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீட்டுக்கே வருகிறார்கள். அவர்களைக் கொண்டு எடை பார்க்கலாமே என்ற யோசனை எழும். இங்கே எச்சரிக்கை தேவை. திருமண வயதுப் பெண்ணின் வீட்டுக்கு மனநலப் பெயரோடு ஒருவர் வருவதை ஊர் எப்படிப் பேசும் என்பது தெரிந்ததே. குடும்பம் சிகிச்சையையே மறைத்துவிடும். அதைவிடப் பள்ளி மாணவியருக்கு ஏற்கெனவே உயரமும் எடையும் பார்க்கும் பள்ளிக் குழந்தைகள் நலக் குழுவின் பதிவேட்டில், குறைந்த எடையை மட்டுமல்லாமல் குறைந்துகொண்டே வரும் எடையையும் கவனிக்கக் கற்பிப்பது நலம். தொலைபேசி வழியும் உண்டு. ஜெர்மனியில் ஃபிக்டர் குழு, வார்டிலிருந்து சென்ற 258 பெண்களுக்கு இணையவழியில் ஒன்பது மாதம் தொடர் உதவி அளித்துப் பார்த்தது. முழுதாகப் பின்பற்றியவர்களுக்கு ஓரளவு பலன் இருந்தது, பாதியில் விட்டவர்களுக்கு இல்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவித் தொலைபேசியின் 14416 எண்ணில் இரவு பகலாகத் தமிழிலும் பேசலாம். நெருக்கடிக்கு அது கை கொடுக்கும். எடைத் தராசுக்கும் ஒரே முகத்துக்கும் அது மாற்றாகாது.

கல்லூரி விடுதி தனிக் கவலை. பதினேழு பதினெட்டு வயதில் தேறிவரும் பெண், அந்த ஜூன் மாதமே விடுதிக்குப் போகிறாள். மெஸ்ஸில் யார் தட்டை எடுத்தார்கள், யார் எடுக்கவில்லை என்று எவரும் பார்ப்பதில்லை. ஓராண்டு தள்ளிப்போட்டால் படிப்பு வீணாகும் என்று குடும்பம் அஞ்சும், நியாயமான அச்சம். உள்ளூர்க் கல்லூரியில் சேர்த்து வீட்டிலிருந்து போய்வர வைப்பதோ, விடுதிக் காப்பாளர் ஒருவரிடமும் ஒரு தோழியிடமும் மட்டும் சொல்லிவைப்பதோ இடைப்பட்ட வழிகள். எதுவாயினும் அவள் சம்மதத்தோடு.

விடை வராத இடங்கள்

இளம் வயதில், நோய் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள், குடும்பம் உணவுப் பொறுப்பை ஏற்பது பலனளிக்கிறது என்பதற்குச் சான்று ஓரளவு உறுதி. எவ்வளவு காலம் வார்டில் வைப்பது என்பதில், உடல் ஆபத்து நீங்கியதும் அனுப்பினாலும் எடை முழுதும் மீட்டு அனுப்பினாலும் பின்னர் மருத்துவமனையில் சேரும் நாட்களில் வேறுபாடு இல்லை என்று சிட்னியில் மேடன் குழு 82 பேரிடம் கண்டது. ஆனால் இரு பிரிவினருக்குமே வெளியே வலுவான குடும்பச் சிகிச்சை காத்திருந்தது. அது இல்லாத ஊரில் சீக்கிரம் அனுப்புவதை இந்த ஆய்வைக் காட்டி நியாயப்படுத்த இயலாது. நெடுங்காலம் நோயோடிருக்கும் வயது வந்தவர்களுக்கு எந்தச் சிகிச்சை மற்றதைவிட மேல் என்பதில் சான்றுகள் பிரிந்தே நிற்கின்றன. திருமணம், கர்ப்பம், பிள்ளைப்பேறு ஆகியவை நம் பெண்களின் தேறுதலை எப்படிப் பாதிக்கின்றன என்பது கேட்கப்படவேண்டிய பெரிய கேள்வி. கொழுக்கும் அச்சம் இல்லாமல் வந்தவர்களின் நோய் திரும்பும்போது அதே முகத்தோடு வருகிறதா, கைப்பேசியில் பார்க்கும் படங்களால் வேறு முகம் எடுக்கிறதா என்பதும் திறந்தே இருக்கிறது. ஹார்வர்டைச் சேர்ந்த எடி குழு 22 ஆண்டு பின்தொடர்ந்ததில், ஒன்பதாம் ஆண்டில் 31.4 விழுக்காடாக இருந்த தேறுதல், முடிவில் 62.8 விழுக்காடாக உயர்ந்திருந்தது. மறுபடி சரிந்த பெண்ணைக் கைவிட அந்த எண்கள் எந்தக் காரணமும் தரவில்லை. அந்த நீண்ட ஆண்டுகளில் அவளைத் தொடர்ந்து பார்க்க மாவட்ட மருத்துவமனையில் யார் இருப்பார், அவர் மாற்றலாகிப் போனால் அந்தக் கோப்பு யார் கைக்குப் போகும் என்பவை மருத்துவ ஆய்விடம் கேட்கும் கேள்விகள் அல்ல. அவற்றுக்கு மாவட்ட மனநலத் திட்டம்தான் பதில் எழுதவேண்டும்.